ஜிம்னி டயருக்கு காத்து எறக்கி ஏத்துற சாமான்கள்: மூணு வருஷம் பாவிச்சு பார்த்ததுல தெரிஞ்சது

நான் இருக்கிறது பொகவந்தலாவைப் பக்கம். வண்டி பழைய சுசுகி ஜிம்னி ஜீப், 205/70 15 டயர், டியூப்லெஸ். வேலை விஷயமா கிழமைக்கு மூணு நாலு தரம் தோட்டத்து மேல் டிவிசன்களுக்கு ஏறி இறங்கணும், லீவு கிடைச்சா மச்சானோட ஹைலக்ஸ் டபள் கெப்பையும் சேர்த்துக்கிட்டு பலாங்கொடைக்கு இறங்குற பழைய ரோடு, ஓஹிய, மீமுரேன்னு கிளம்பிருவோம். இந்த சாமான்கள வாங்க ஆரம்பிச்சு மூணு வருஷம் தாண்டிருச்சு, நல்லா உழைச்சதும் இருக்கு, காசு வீணானதும் இருக்கு.

முதல்ல எவ்வளவு எறக்குறதுன்னு சொல்லிடுறேன், ஏன்னா அத வச்சுத்தான் என்ன வாங்கணும்னே முடிவாகும். தார் ரோட்டுக்கு நான் வைக்கிறது 26 பிஎஸ்ஐ (டயர் காத்தழுத்தத்த அளக்கிற அலகு). கல்லு பதிச்ச தோட்டத்து ரோட்டுல அதோட போனா வண்டி துள்ளும், மழை ஈரத்துல ஏத்தத்துல சில்லு சும்மா சுத்தும், 20க்கு எறக்குனா அதே ஏத்தம் அமைதியா ஏறும். சேறு கூடுன இடத்துக்கு 18. வீடியோல பாலைவன மணல்ல 12க்கு எறக்குறத பார்த்துட்டு இங்க அப்படி செய்யாதீங்க, நம்ம பக்கம் ரோட்டோரத்துல நிக்கிற கூர் கல்லு டயர் பக்கவாட்ட கிழிச்சிரும், பக்கவாட்டு கிழிசல ஓட்டை அடைக்கிற ரப்பர் பிளக் வச்சு அடைக்க முடியாது. பழைய ஜீப்புல டியூப் டயர் வச்சிருக்கவங்க இன்னும் கவனமா இருக்கணும், காத்து ரொம்ப குறைஞ்சா டயர் ரிம்முல நகர்ந்து டியூப்போட வால்வையே இழுத்து அறுத்துரும்.

எறக்குறது சும்மா ஒரு குச்சியால வால்வ அழுத்துனாலும் நடக்கும். திருப்பி ஏத்துறதுதான் விஷயம். மீமுரேல இருந்து ஹுன்னஸ்கிரியவுக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல, அந்த வழியில காத்து அடிக்க ஒரு இடம் நான் கண்டதில்ல, அதுக்கப்புறம் தார் ரோட்டுல வளைவு வளைவா இறக்கம், 18 பிஎஸ்ஐயோட அதுல வேகமா வந்தா டயர் சூடாகும், வளைவுல ரிம்ம விட்டு கழண்டாலும் ஆச்சரியமில்ல. அதனால கையில இருக்கிற காசுல பெரிய பங்கு காத்தடிக்கிற கொம்ப்ரஸருக்கு போகட்டும்னுதான் சொல்வேன்.

நான் முதல்ல வாங்குனது லைட்டர் சொக்கட்ல சொருகுற பிளாஸ்டிக் கொம்ப்ரஸர். ஒரு டயர 18ல இருந்து 26க்கு கொண்டு வர அஞ்சு நிமிஷம், நாலையும் முடிச்சு நடுவுல ஆறவும் விட்டா அரை மணித்தியாலத்துக்கு மேல போயிரும். எட்டு மாசத்துல பிளக் உருகி ஃபியூஸும் போச்சு. அந்த சொக்கட்டுக்கு பொதுவா 15 அம்பியர் ஃபியூஸ்தான், அதுல இருந்து பெரிய மோட்டார் ஓடவே ஓடாது. ரெண்டாவது கொழும்பு பஞ்சிகாவத்தையில வாங்குன, பெட்டரியில நேரா கிளிப் மாட்டுற, இரும்பு உடம்பு ஒத்த சிலிண்டர். காசிருந்தா ஏஆர்பி மாதிரி பெரிய பேர் சாமான் எடுக்கலாம், ஆனா 2022ல டொலர் 200 ரூபாவுல இருந்து 360 வரைக்கும் ஏறுன பிறகு அதெல்லாம் நம்ம கைக்கு எட்டல. இந்த சாதாரணது ரெண்டு வருஷத்துக்கு மேல ஓடுது, ஒரு டயருக்கு ஒன்றரை நிமிஷம். ஆனா மச்சானோட 265/65 17 டயர 20ல இருந்து 32க்கு ஏத்த ஒண்ணுக்கு நாலு நிமிஷம் எடுத்து, ரெண்டு டயருக்கு அப்புறம் தொட முடியாத சூடு, கால் மணி நேரம் ஆறவிட்டுத்தான் மத்த ரெண்டையும் அடிக்கிறோம். டபள் கெப் வச்சிருக்கவங்க இரட்டை சிலிண்டருக்கு கொஞ்சம் காசு சேர்க்கிறது நல்லது. எஞ்சின ஓட விட்டே அடிங்க, இல்லாட்டி பெட்டரி இறங்கிரும். பெட்டில போட்டிருக்கிற நிமிஷ கணக்க அப்படியே நம்பவும் வேணாம், நுவரெலியா 1868 மீட்டர் உயரம், அங்க காத்தழுத்தமே கடல் மட்டத்த விட அஞ்சுல ஒரு பங்கு குறைவு, கொம்ப்ரஸர் உள்ள இழுக்கிற காத்தும் அந்தளவுக்கு மெலிசு, அதனால நேரம் கூடத்தான் செய்யும்.

ஹோஸையும் கடையிலயே இழுத்து பாருங்க. என்னோடது பின் சில்லுக்கு எட்டல, தனியா அஞ்சு மீட்டர் ரப்பர் ஹோஸ் வாங்க வேண்டி வந்துச்சு. கூட வந்த பிளாஸ்டிக் ஹோஸ் தை மாச காலை குளிர்ல கம்பி மாதிரி விறைச்சு நிக்கும்.

கொம்ப்ரஸர்ல இருக்கிற கேஜ், அதாவது அழுத்தம் பார்க்கிற மீட்டர், மோட்டார் ஓடும்போது கூட்டித்தான் காட்டும், ஹோஸுக்குள்ள இருக்கிற அழுத்தத்த அது காட்டுது. நிப்பாட்டிட்டு தனி கேஜால பார்க்கணும். 0ல இருந்து 60 வரைக்கும் உள்ள முள்ளு கேஜ் எடுங்க, 150 வரைக்கும் உள்ளதுல 18க்கும் 20க்கும் வித்தியாசமே கண்ணுக்கு தெரியாது. என்னோட டிஜிட்டல் ஒண்ணு மிஸ்ட்டுக்குள்ள கிடந்து ஈரம் ஏறி செத்து போச்சு. இன்னொரு விஷயம், கொழும்புல இருந்து மேல வந்தவுடனே சூட்டோட பார்த்துட்டு "ஐயோ நாலு கூட இருக்கே"ன்னு காத்து எறக்குறவங்க நிறைய பேர். மேல ஏறுனா வெளி அழுத்தம் குறையுறதால கேஜ் மூணு பிஎஸ்ஐ கிட்ட கூட காட்டும், ஆனா இந்த குளிர் அதுல ரெண்டு பிஎஸ்ஐ கிட்ட திருப்பி எடுத்துரும். ராத்திரி ஆறவிட்டு காலையில பாருங்க, அதுதான் சரியான கணக்கு.

எறக்குறதுக்கு, வால்வுக்குள்ள காத்த அடைச்சு வச்சிருக்கிற சின்ன பின்ன கழட்டி உள்ளேயே பிடிச்சு வச்சிருக்கிற பித்தளை டிஃப்ளேட்டர், கேஜோட வர்றது, விலை குறைஞ்சதுதான் பாவிக்கிறேன். சாதாரண சாவியால கழட்டுனா பின் காத்தோட பறந்து புல்லுக்குள்ள போயிரும், எனக்கு ரெண்டு தரம் போச்சு. இதுல ஒரு டயருக்கு அரை நிமிஷம் கூட ஆகாது. ஒரு வருஷத்துல அதுல இருக்கிற ரப்பர் வளையம் (ஓ ரிங்) தேஞ்சு கசிஞ்சுச்சு, புதுசு போட்டு கொஞ்சம் சிலிக்கன் கிரீஸ் தடவுனேன், சரியாயிருச்சு. மச்சான்கிட்ட இருக்கிறது நாலு சில்லுலயும் திருகி விட்டா, நாம வச்ச அழுத்தம் வந்ததும் காத்து எறங்குறது தானா நிக்கிற வகை. மீமுரே பக்கம் மழைக்காலத்துல டயர் பக்கத்துல குந்தி இருந்தா அட்டை ஏறிரும், அந்த நேரம் அவரோடதுதான் வசதின்னு ஒத்துக்கிறேன். ஆனா உள்ள மண்ணு போனா ஒண்ணு 17ல நிக்கும், இன்னொண்ணு 21ல நிக்கும், ஒவ்வொரு பயணத்துக்கு பிறகும் கழட்டி ஊதி துடைக்கணும், இல்லாட்டி எப்படியும் கேஜ் எடுத்து நாலையும் பார்க்கத்தான் வேணும்.

இப்ப ஒரு பால்மா டின்னுல மேலதிக வால்வு பின் பத்து, மூடி பத்து, ஓ ரிங், பிளக் செட் எல்லாம் போட்டு டிரைவர் சீட்டுக்கு கீழ வச்சிருக்கேன். பின்னுக்குள்ள மண்ணு சிக்கி மெதுவா காத்து போறதுதான் தோட்டத்து ரோட்டுல அடிக்கடி வர்ற பிரச்சினை, எச்சில் தொட்டு வால்வு வாயில வச்சா குமிழி வரும், வந்தா பின்ன மாத்திட்டு மூடிய இறுக்கி போட்டுட்டு கிளம்பலாம்.