காகிதம் மடிப்பதா, லேத்தில் கடைவதா: உற்பத்திப் பாடத்துக்கு ஏற்ற செய்முறை எது?

கல்லூரி மாணவர்களுக்கு உற்பத்தியியலைச் செய்முறையாகக் கற்பிக்க முனையும் ஆசிரியர், வகுப்பறை மேசையில் காகித விமானம் மடிக்கும் அசெம்பிளி லைனை நடத்தலாம், அல்லது பட்டறையில் லேத்தின் முன் மாணவரை நிறுத்தலாம். பாடத்திட்டங்கள் இரண்டையும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று என்று கருதுவதுதான் சிக்கல்.

மேசை விளையாட்டின் வலிமை அதன் கணக்கில் இருக்கிறது. நான்கு பேர் வரிசையாக அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு தாளுக்கு 20 விநாடி எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். பத்துப் பத்தாக மடித்துக் கைமாற்றினால் பத்து விமானங்களும் முடிய 800 விநாடி ஆகும். ஒவ்வொன்றாகக் கைமாற்றினால் 260 விநாடி போதும். யாருடைய கையும் வேகமெடுக்கவில்லை, காத்திருப்பு மட்டுமே குறைந்தது என்பதை மாணவர் தம் கண்ணெதிரே காண்கிறார். மூன்றாமவர் சற்று மெதுவாக மடித்தால் அவர் முன்னால் தாள்கள் குவிகின்றன. இடர்முனை (வேலை தேங்கி நிற்கும் இடம்) என்றால் என்ன என்று அதற்குப் பிறகு விளக்கத் தேவையில்லை.

ஆனால் காகிதத்துக்கு டாலரன்ஸ், அதாவது அனுமதிக்கப்பட்ட அளவு விலகல், கிடையாது. பிழை என்றால் கவனக்குறைவு என்ற எண்ணத்தோடே மாணவர் எழுந்து போகிறார். தர மேலாண்மை அறிஞர் டெமிங்கின் சிவப்பு மணிச் சோதனை (எவ்வளவு கவனமாக அள்ளினாலும் கலவையில் உள்ள சிவப்பு மணிகள் குறைகளாக வந்து சேரும்), குறையைத் தொழிலாளியிடம் தேடாமல் அமைப்பில் தேடச் சொல்வதால், இந்த எண்ணத்தை ஓரளவு திருத்துகிறது.

லேத் வேறு விதமாகப் பாடம் நடத்துகிறது. 20 மி.மீ. விட்டத்துக்கு ±0.05 மி.மீ. என்று வரைபடம் சொல்லும். வெட்டுளியைத் தண்டை நோக்கி நகர்த்தும் கிராஸ் ஸ்லைடை 0.1 மி.மீ. உள்ளே நகர்த்தினால் விட்டத்தில் 0.2 மி.மீ. குறையும் என்பதை மறந்த மாணவர், ஒரே வெட்டில் தண்டைப் பாழாக்கிவிடுவார். சூடாக இருக்கும்போது அளந்து சரியென்று எடுத்து வைத்த துண்டு, ஆறியபின் மைக்ரோமீட்டரில் சிறுத்துத் தெரியும். இந்த ஏமாற்றத்தை எந்தக் காகிதமும் தராது. எனினும் ஒரு இயந்திரத்தில் ஒருவர்தான் வேலை செய்ய முடியும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள் (அதையும் வருகைப்பதிவேடு செய்முறை வகுப்பென்றே கணக்கிடும்).

நேரமோ இயந்திரமோ குறைவென்றால் மேசை விளையாட்டையே தேர்ந்தெடுப்பேன். இரண்டும் கிடைத்தால், மேசையில் தொடங்கி, பின்னர் ஒரு குழுவைத் தண்டும் மற்றொரு குழுவைத் துளையும் கடையச் சொல்வேன். அசெம்பிளி மேசையில் தண்டு துளைக்குள் நுழையாதபோது, இரு குழுவினரும் முதலில் எட்டிப்பார்ப்பது எதிர்க்குழுவின் அளவுத்தாளைத்தான்.