மினி டிராக்டரை எதில் ஏற்றுவது: குட்டி யானையா, பிக்கப்பா, டிரெய்லரா?

போன ஆடியில் சேறடிப்பு முடிந்த மறுநாள், எங்கள் 24 எச்.பி. மினி டிராக்டரை வயலில் இருந்து வந்த கோலத்திலேயே மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ் மில் எடை மேடையில் ஏற்றி நிறுத்திப் பார்த்தேன். மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் பின்னால் மாட்டியபடியே இருந்தது, சேற்றில் புதையாமல் இருக்கப் போடும் இரும்புச் சக்கரமான கேஜ் வீல் இரண்டையும் கழற்றி அதன் மேலேயே கட்டியிருந்தோம். 940 கிலோ காட்டியது. வாங்கும்போது கொடுத்த விவரத் தாளில் இருந்தது 650 சொச்சம். இந்த இடைவெளிதான் இதை எழுத வைத்தது, ஏனென்றால் என்னிடம் "எந்த வண்டியில ஏத்தலாம்ண்ணே" என்று கேட்கிற எல்லோரும் அந்தத் தாளில் உள்ள எடையை வைத்துத்தான் கேட்கிறார்கள்.

மினி என்றால் எல்லாம் ஒரே எடையும் இல்லை. குபோட்டா பி2441 மாதிரி வண்டி 650 கிலோ அளவில் நிற்கும். ஜான் டியர் 3028 இ.என். அதைவிட நாலு எச்.பி.தான் கூடுதல், ஆனால் வெறும் வண்டியே ஒரு டன்னைத் தாண்டிவிடும். அதன்மேல் ரோட்டவேட்டர், கேஜ் வீல், டேங்கில் டீசல், பெட்டியில் ஸ்பேனர் சாமான், டயர் இடுக்கில் ஒட்டிக் காய்ந்த களிமண் எல்லாம் சேரும். நம்ம ஊர்க் களிமண்ணைக் குறைத்து மதிப்பிட வேண்டாம், கழுவாமல் ஏற்றினால் அதுவே நாலைந்து கூடை வரும்.

ஏற்றாமல் ஓட்டிக்கொண்டே போனால் என்ன என்று கேட்கலாம். நாலைந்து கிலோமீட்டர் என்றால் நானும் ஓட்டித்தான் போவேன். ஆனால் எனக்கு வேலை இரண்டு இடத்தில் இருக்கிறது. குறுவைக்கும் தாளடிக்கும் மன்னார்குடி பக்கம் நஞ்சையில் சேறடிக்கணும், நடுவில் பட்டுக்கோட்டை பக்கம் மச்சானின் தென்னந்தோப்பில் மரத்துக்கு மரம் நடுவே உழவு ஓட்டணும். இடையில் சுமார் 40 கிலோமீட்டர். மினி டிராக்டர் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகாது, சேற்றுக்கென்று உயரமான பட்டை வைத்த டயர் தார் ரோட்டில் தேய்ந்துகொண்டே வரும். கேஜ் வீலோடு தாரில் இறங்கினால் ரோடு பெயர்ந்துவிடும் என்பதால் அதைக் கழற்றித் தனியாகத்தான் கொண்டுபோக வேண்டும். ஒரு சீசனில் ஆறேழு தடவை போய் வந்தால் டயருக்கும் ஓட்டுகிற ஆளின் முதுகுக்கும் கட்டாது.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது குட்டி யானை, அதாவது டாடா ஏஸ். தெருவுக்குத் தெரு கிடைக்கும், வாடகை குறைவு, வாய்க்கால் கரையில் கூட நுழைந்து வரும். பவர் டில்லர் ஏற்ற அதைவிட நல்ல வண்டி கிடையாது. மினி டிராக்டருக்கு மட்டும் வேண்டாம் என்பேன். டாடா ஏஸ் வகையில் பெரும்பாலானவற்றின் பார அளவு 750 கிலோ பக்கம்தான், பாடி நீளம் ஏழடிக்குச் சற்று மேல். எங்கள் டிராக்டரே எட்டடிக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் பின்கதவைத் திறந்து போட்டு, ரோட்டவேட்டர் வெளியே தொங்க, பின் அச்சுக்கு அப்பால் கனம் விழுந்து, முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது. வெண்ணாற்றுப் பாலத்து ஏற்றத்தில் அப்படி ஒரு வண்டி தடுமாறுவதைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன், டிரைவர் முகத்தில் ரத்தமே இல்லை. "எத்தனையோ ஏத்திருக்கேண்ணே, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லும் தம்பியிடம் ஆர்.சி. புத்தகத்தைக் கேளுங்கள். மொத்த எடை என்று ஒன்று, பாரம் இல்லாத எடை என்று ஒன்று போட்டிருக்கும். கழித்தால் வருவதுதான் அந்த வண்டி தூக்க வேண்டியது, அதிலும் ஏறி உட்காரும் ஆட்களின் எடை சேர்த்தி. பாரம் கூடினால் 2019-க்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாயில் ஆரம்பிக்கிறது, கூடுதல் டன்னுக்கு 2,000 தனி.

அடுத்து பிக்கப். அசோக் லேலண்ட் தோஸ்த் ஒண்ணேகால் டன் பக்கம் தூக்கும், பொலேரோ பிக்கப்பில் 1.3 டன், 1.7 டன் என்று உண்டு. 940 கிலோவுக்கு இவை தாராளம். தோஸ்த்தில் எடைக்குப் பிரச்சினை இல்லை, நீளத்துக்குத்தான். பாடி எட்டடி சொச்சம், டிராக்டர் நின்றால் ரோட்டவேட்டருக்கு இடம் இருக்காது, கழற்றினாலும் வைக்க மூலை கிடையாது. அதனால் பத்தடி பாடி உள்ள பிக்கப்பாகப் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு டன்னுக்கு மேல் உள்ள 28 எச்.பி. வண்டி என்றால் 1.7 டன் வகையைத்தான் பார்க்கணும். நாற்பது கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும், பிரேக் நாலு சக்கரத்திலும் இருக்கும், ராத்திரியில் விளக்கு ஒழுங்காக எரியும். இந்த மூன்றையும் நான் பெரிதாக நினைக்கிறேன். டாடா 407 லாரி வரைக்கும் போக வேண்டியது 45 எச்.பி. டிராக்டரை ஏற்றுகிறவர்கள்தான்.

இனி டிரெய்லர். வீட்டில் ஏற்கெனவே ஒரு பெரிய டிராக்டர் நிற்கிறது என்றால் எல்லோருக்கும் இந்த ஆசை வரும், எனக்கும் வந்தது. நாலு சக்கர டிரெய்லரா, இரண்டு சக்கரமா என்பதில்தான் பட்டறைக்குப் பட்டறை பேச்சு மாறும். நாலு சக்கரத்தில் பாரம் முழுக்க அதன் சொந்த அச்சுகளில் நிற்கும், கொக்கியில் கனம் விழாது, ஏற்றும்போது ஆடாது. நேர் ரோட்டில் அருமையான சாமான். ஆனால் முன் அச்சு திரும்புகிற வகை என்பதால் ரிவர்ஸ் எடுப்பது பெரும்பாடு. ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் நடவு வயல், நடுவில் எட்டடிக் கரை என்று இருக்கிற நம்ம பக்கத்தில், மதகு வரை போய்த் திரும்ப இடமில்லாமல் பின்னாலேயே வரணும் என்றால் அந்த டிரெய்லர் உங்களை வாய்க்காலில்தான் கொண்டுபோய் விடும்.

இரண்டு சக்கரம் கரையில் சொன்னபடி பின்னால் வரும். அதன் வம்பு ஏற்றும்போதுதான். எங்கள் டிரெய்லர் காலியாக இருக்கையில் கொக்கியில் 150 கிலோ மாதிரி அழுத்தும், கொக்கிக்கும் அச்சுக்கும் தூரம் மூணு மீட்டர், பெருக்கினால் 450, மூக்கைக் கீழே பிடித்து வைக்கும் பலம் இவ்வளவுதான். மினி டிராக்டர் பாடியின் பின்விளிம்பைத் தாண்டி உள்ளே வந்ததும் அதன் கனத்தின் மையம் அச்சுக்கு ஒண்ணேகால் மீட்டர் பின்னால் இருக்கும், ரோட்டவேட்டரை விட்டுவிட்டு வெறும் 650 கிலோவை அதால் பெருக்கினாலே 800-க்கு மேல். பின்பக்கம் ஜெயித்துவிடுகிறது. டிரெய்லரின் மூக்கு மேலே எழும்பி, இழுக்கிற டிராக்டரின் பின்சக்கரத்தை லேசாக்கும், பிரேக் பிடிப்பதோ அந்தச் சக்கரத்தில்தான். முதல் வருஷம் மழை பெய்த கரையில் இதுதான் நடந்தது. பெரிய டிராக்டர் பிரேக் போட்டபடியே ஒரு முழம் முன்னால் வழுக்கியது, ஏற்றுவதற்குச் சாய்த்திருந்த பலகை ஒன்று பாடியிலிருந்து நழுவி விழுந்தது, மினி டிராக்டரில் உட்கார்ந்திருந்த மச்சான் மகன் குதித்துத் தப்பினான். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது டிரெய்லரின் பின்விளிம்பில் இரண்டு மடக்குக் கால் வெல்டு செய்து வைத்திருக்கிறேன், அதைத் தரையில் ஊன்றிப் பூட்டாமல் யாரையும் ஏற விடுவதில்லை. ஏறின பிறகு டிராக்டரின் கனம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் விழும்படி நிறுத்தணும், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்கினால் போதும். பின்னால் நின்றால் ரோட்டில் வால் ஆட்டும்.

பலகை விஷயத்தில் பலர் சிக்கனம் பார்க்கிறார்கள். சாதாரண டிரெய்லரின் பாடி தரையிலிருந்து மூணடி, மூணேகால் அடி இருக்கும். எட்டடிப் பலகை சாய்த்தால் சாய்வு 22 டிகிரிக்கு மேல் போய்விடும், டிராக்டர் முன்னால் தூக்கிப் பின்னால் கவிழ அது போதும். பன்னிரண்டு அடி வைத்தால் 15 டிகிரி பக்கம் வந்துவிடும். கனம் பின்பக்கம் இருக்கிற டூ வீல் டிரைவ் வண்டியை ரோட்டவேட்டர் இல்லாமல் ரிவர்ஸில் ஏற்றி, முன்கியரில் இறக்குங்கள். ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் போட்டு, லோ கியரில், நடுவில் கிளட்சைத் தொடாமல் போகணும். களத்து மேடோ வாய்க்கால் கரையோ பாடி மட்டத்துக்கு இருந்தால் டிரெய்லரை அதில் ஒட்டி நிறுத்துங்கள், பலகையே குட்டையாகப் போதும், தாத்தா காலத்தில் வைக்கோல் வண்டிக்கு இப்படித்தான் செய்தார்கள். ஏற்றின பிறகு ரோட்டவேட்டரைப் பாடியில் இறக்கி வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நாலு மூலையிலும் சங்கிலி போடணும். அச்சில் மாட்டுங்கள், பம்பரிலோ ஸ்டீயரிங் கம்பியிலோ வேண்டாம். நைலான் கயிறு நனைந்தால் தளரும்.

டிரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டு, இன்சூரன்ஸில் அதையும் சேர்க்கச் சொல்லணும். பழைய லாரி டயரைப் போட்டுத் தருவார்கள், பக்கவாட்டில் பார அளவு அச்சாகி இருக்கும், தேய்ந்து படிக்க முடியாமல் இருந்தால் வாங்காதீர்கள்.

என் தீர்ப்பு இப்படி. வருஷத்துக்கு நாலு தடவைதான் ஏற்றுவீர்கள் என்றால் பத்தடி பிக்கப்பை வாடகைக்கு எடுங்கள், டிரெய்லருக்குப் போடும் பணம் திரும்பி வராது. சீசன் முழுக்க நாலைந்து ஊருக்குள் உங்கள் வேலைக்கே நகர்த்திக்கொண்டிருந்தால், பெரிய டிராக்டரும் இருந்தால், பின்கால் வைத்த இரண்டு சக்கர டிரெய்லர். பட்டுக்கோட்டைக்கு நான் இப்போதும் பிக்கப்தான் எடுக்கிறேன், பிரேக் இல்லாத டிரெய்லரை 40 கிலோமீட்டர் பஸ் ரோட்டில் இழுக்க எனக்கு மனம் வரவில்லை. புதிதாகச் செய்யச் சொல்கிறவர்கள் பட்டறையில் பாடியின் உயரத்தை இரண்டரை அடிக்குக் கொண்டுவர முடியுமா என்று முதலில் கேளுங்கள். சின்னச் சக்கரம் போட்டு, பாடியைச் சக்கரங்களுக்கு நடுவில் இறக்கினால் முடியும், மினி டிராக்டரின் அகலம் நாலடிக்குள்தான்.