கதவை உடைக்கும் காட்டேரியும் கதவைத் தட்டும் காட்டேரியும்

எந்த ரத்தக்காட்டேரிப் படம் பார்த்தாலும் என் கண் வாசலுக்குத்தான் போகும். பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய 'டிராகுலா' நாவலில் ஒரு விதி வருகிறது: வீட்டிலிருக்கும் யாராவது முதல் தடவை உள்ளே அழைக்க வேண்டும், அழைத்த பிறகுதான் காட்டேரியால் நுழைய முடியும். வெயில் பட்டால் அழிந்துபோகும் என்பது அதற்கப்புறம் வந்த சங்கதி. அதைக் கொண்டுவந்தது 1922இல் வெளியான 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மன் மௌனப்படம். நாவலின் டிராகுலா லண்டனில் பட்டப்பகலிலேயே நடமாடுகிறான். 'ட்விலைட்' மாதிரி சில படங்களைத் தள்ளிவிட்டால், இன்றைய படங்கள் வெயில் விதியை அநேகமாக விடுவதில்லை. கதவு விதியில்தான் ஆளுக்கொரு வழி போகிறார்கள். பயம் எங்கிருந்து வருகிறது என்பதை அந்த விதிதான் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறேன். நான்கு படங்களை எடுத்துக்கொள்கிறேன். முடிவுகளையும் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதல் இரண்டும் பனிப்படங்கள், ஓராண்டு இடைவெளியில் வந்தவை. 2007இல் டேவிட் ஸ்லேட் இயக்கிய '30 டேஸ் ஆஃப் நைட்' அலாஸ்காவின் வடகோடியிலுள்ள பாரோ என்ற ஊரில் நடக்கிறது. குளிர்காலத்தில் அங்கே ஒரு மாதம் சூரியன் உதிக்காது என்பது படத்தின் கணக்கு. நிஜத்தில் அந்த இருட்டு இரண்டு மாதத்துக்கும் மேல் நீடிக்கும். வெயிலே இல்லாத ஊருக்குள் ஒரு காட்டேரிக் கூட்டம் புகுந்தால்? அருமையான கற்பனை. இவற்றுக்கு அழைப்பு எதுவும் தேவையில்லை. முழுக்கக் கறுத்த கண்கள், வாய் நிறையக் கூர்ப்பற்கள், தங்களுக்கென்று ஒரு கரகரத்த மொழி. தெருவில் நடக்கும் வேட்டையை மேலேயிருந்து காட்டிக்கொண்டே கேமரா நகரும் ஒரு காட்சி உண்டு. வெள்ளைப் பனியெங்கும் ரத்தத் திட்டுகள். அந்த இடத்தில் உண்மையிலேயே உறைந்துபோனேன். ஆனால் அதற்கப்புறம் மிஞ்சுவது ஒளிவதும் ஓடுவதும்தான். பசித்த மிருகத்திடம் பேசிப் பார்க்க முடியாது, அதனிடம் ஏமாறவும் முடியாது. படம் முடிந்ததும் பயமும் முடிந்துவிடுகிறது.

2008இல் வந்த ஸ்வீடன் படம் 'லெட் தி ரைட் ஒன் இன்'. டோமாஸ் ஆல்ஃபிரெட்சன் இயக்கியது. 1980களின் தொடக்கத்தில், ஸ்டாக்ஹோமின் புறநகர்க் குடியிருப்பு ஒன்றில், பள்ளியில் தினமும் அடிவாங்கும் 12 வயது ஓஸ்காருக்குப் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த ஏலி தோழமையாகிறது. ஏலிக்கும் 12 வயதுதான். ரொம்பக் காலமாகவே 12. ஏலிக்குப் பேசியது நடித்த சிறுமியின் குரல் இல்லை, வேறொருவரின் கனத்த குரல். குழந்தை முகமும் வயதான குரலும் சேரும்போது ஏதோ சரியில்லை என்று நம் உடம்புக்கு முதலில் தெரிந்துவிடுகிறது.

கதவு விதியை இந்தப் படம் கையாண்டதுபோல வேறெந்தப் படமும் கையாளவில்லை. அழைக்காமல் வந்தால் என்ன ஆகும் என்று பெரும்பாலான படங்கள் காட்டுவதில்லை, வர முடியாது என்பதோடு விட்டுவிடும். இங்கே ஓஸ்கார் வீம்புக்கு, "வந்துதான் பாரேன்" என்கிற மாதிரி நிற்கிறான். ஏலி உள்ளே வருகிறது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கண்ணிலிருந்து, காதிலிருந்து, தோலிலிருந்து ரத்தம் கசிய ஆரம்பிக்கிறது. ஓஸ்கார் பதறிப்போய் "வரலாம், வரலாம்" என்று கத்திக் கட்டிக்கொள்கிறான். விளையாட்டாக ஒருவரை எவ்வளவு தூரம் காயப்படுத்திவிடலாம் என்று ஒரு பையனுக்குப் புரிகிற இடம் அது. நான் அழுதுவிட்டேன்.

ரயன் கூக்ளரின் 'சின்னர்ஸ்' (2025) அதே விதியைக் கூட்டத்துக்கு நடுவே கொண்டுபோய் வைக்கிறது. 1932, மிசிசிப்பி, கறுப்பின மக்கள் ஆடிப்பாட ஒரு பழைய மர ஆலையில் திறக்கும் கூடத்தின் முதல் இரவு. வாசலில் வந்து நிற்பவன் ரெம்மிக் என்ற ஐரிஷ் காட்டேரி. மிரட்டுவதற்கு முன் பாடுகிறான், சேர்ந்து வாசிக்கிறோம் என்கிறான், அன்பும் சமத்துவமும் தருகிறேன் என்கிறான். அவன் கடித்தவர்களின் நினைவுகளெல்லாம் அவனுக்கும் சொந்தமாகிவிடும். அது விடுதலையா விழுங்கலா என்று ஒரு கணம் நாமே தடுமாறுகிறோம். கடிபட்ட காவலாள் கார்ன்பிரெட் திரும்பி வந்து, இவ்வளவு நேரம் தான் காத்த வாசலிலேயே உள்ளே விடும்படி கேட்பான். தெரிந்த முகம், தெரிந்த பேச்சு. அப்படியானால் அனுமதி எதற்கு? கூடத்தின் உள்ளே இருக்கும் ஆனி என்ற பெண்ணின் மனதில் அந்தக் கேள்வி எழுகிற நொடி எனக்கு அந்த மொத்த அலாஸ்கா வேட்டையைவிடப் பயங்கரமாக இருந்தது. கடைசியில் கதவைத் திறப்பதும் பேராசையில்லை: மகளைத் தொடுவேன் என்று மிரட்டப்பட்ட ஒரு தாய்தான் ஆத்திரத்தில் உள்ளே வரச் சொல்லிக் கூவுகிறாள்.

ராபர்ட் எக்கர்ஸ் 2024இல் மறுபடி எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கிறது. பில் ஸ்கார்ஸ்கார்ட் நடித்த ஓர்லாக் என்ற காட்டேரி அழுகும் பிணம், அடர்ந்த மீசை, இரைக்கும் மூச்சு. அழகு என்று எதுவுமில்லை. ஆனாலும் நாயகி எல்லெனை அவன் பலவந்தமாக எடுக்க முடியாது, அவளே சம்மதிக்க வேண்டும். அதற்காக மூன்று இரவு கெடு வைத்து, அவளைச் சேர்ந்தவர்களைக் கொல்கிறான். அப்படிப் பிடுங்கிய சம்மதம் சம்மதமா என்று படம் நம்மைக் கேட்க வைக்கிறது. சட்டகங்களின் அழகுக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாக மயங்கிவிட்டது என்பது என் குறை.

என் வரிசையில் ஸ்வீடன் படம் முதலில், அதை ஒட்டியே 'சின்னர்ஸ்', பிறகு 'நோஸ்ஃபெராட்டு', கடைசியில் அலாஸ்கா. ஸ்வீடன் படத்தின் இறுதிக் காட்சியில் ஓஸ்கார் ரயிலில் போகிறான், பக்கத்தில் ஒரு பெரிய பெட்டி. உள்ளேயிருந்து ஏலி மோர்ஸ் சங்கேதத்தில் தட்டுகிறது, அவனும் பதிலுக்குத் தட்டுகிறான். முதல் தடவை இரண்டு குழந்தைகள் தப்பித்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன். இரண்டாம் தடவை பார்த்தபோது, ஏலிக்காகக் கொலைசெய்து ரத்தம் சேகரித்த அந்த வயதானவர் நினைவுக்கு வந்தார். அவரும் ஒரு காலத்தில் இப்படித்தான் ஒரு பையனாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரோ?