நிறக் கலவை கற்பிக்க ஒரு 12 கட்டி நீர்வண்ணப் பெட்டி

மாணவர்களுக்கான தரம் என்று விற்கப்படும் 12 கட்டிகள் கொண்ட நீர்வண்ணப் பெட்டி ஒன்றை, என் ஓவிய வகுப்பில் நிறக் கோட்பாடு நடத்துவதற்காக ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்தினேன். படம் வரைய இது போதுமான பெட்டிதான். நிறங்கள் கலக்கும் விதத்தைக் கற்பிப்பதற்கோ இதை அப்படியே பரிந்துரைக்க என்னால் இயலவில்லை.

முதல் வகுப்பிலேயே அதன் குறை தெரிந்துவிட்டது. சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று கரும்பலகையில் எழுதிவிட்டுக் கலக்கச் சொன்னேன். தட்டுகளில் வந்ததோ காய்ந்த ரத்தத்தைப் போன்ற ஒரு பழுப்பு. தூரிகையைக் கழுவிக் கழுவி மூன்று முறை முயன்ற மாணவி ஒருத்தி, பிழை தன் கையில்தான் என்று நம்பிவிட்டாள். உண்மையில் பெட்டியிலுள்ள சிவப்பு ஆரஞ்சின் பக்கம் சாய்ந்தது, அவள் எடுத்த, தாலோ எனப்படும் நீலம் பச்சையின் பக்கம் சாய்ந்தது. இரண்டிலும் மஞ்சளின் சாயல் மறைந்திருப்பதால், மூன்று முதன்மை நிறங்களும் ஒரே குழியில் கூடி ஒன்றையொன்று மங்கச் செய்துவிடுகின்றன. பெட்டியிலுள்ள மற்றொரு நீலமான அல்ட்ராமரைனை எடுத்துக்கொண்டபோது சற்றுத் தேறியது, அவ்வளவே. தனியாக வாங்கிய, நீலச் சாயல் கொண்ட சிவப்பான குவினாக்ரிடோன் மஜென்டாவை அதனுடன் சேர்த்த பிறகுதான் தெளிவான ஊதா கிடைத்தது.

வண்ணத்துக்கு நிறம் தரும் பொருளான நிறமி எது என்று காட்டும் குறியீடுகள் பெட்டியின் மீது அச்சிடப்படாததும் ஆசிரியருக்கு இடையூறே. அல்ட்ராமரைன் என்றால் பிபி29 என்பது போன்ற குறியீடு இருந்தால், எந்தக் கட்டி ஒற்றை நிறமி, எது ஏற்கெனவே கலந்தது என்று முன்கூட்டியே அறியலாம். உடன் வரும் தூரிகையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை; வேறு வாங்கிக்கொள்ளுங்கள்.

நிறைவான பக்கமும் உண்டு. நன்கு காய்ந்த மஞ்சள் பூச்சின் மீது நீர்த்த நீலத்தை ஒரே வீச்சில் பூசினால், அடியிலுள்ள மஞ்சள் கலையாமல் பச்சை எழுகிறது. பர்ன்ட் சியன்னா என்ற ஆரஞ்சு கலந்த பழுப்பும் அல்ட்ராமரைனும் சேர்ந்து தரும் சாம்பல் நிறம் அதைவிட அழகு: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) சொரசொரப்புத் தாளில் நீலத் துகள்கள் பள்ளங்களில் தங்கிவிட, ஒரே பூச்சுக்குள் இரு நிறங்களும் தெரிகின்றன. வண்ண வட்டத்தில் எதிரெதிரே அமையும் நிறங்கள் ஒன்றையொன்று தணிக்கும் என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. அன்று ஒரு மாணவன், எல்லா நிற ஒளியும் சேர்ந்தால் வெண்மை என்கிறபோது எல்லா வண்ணமும் சேர்ந்தால் சேறாவது ஏன் என்று கேட்டான். நியூட்டன் 1704-இல் வெளியிட்ட வண்ண வட்டம் ஒளியைப் பற்றியது என்றும், நிறமியோ ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிக்கொள்வது என்றும் விளக்குவதிலேயே அந்த வகுப்பு முடிந்துவிட்டது.

வெள்ளைக் கட்டி இருக்கும்வரை, மாணவர்கள் நிறத்தை வெளிறச் செய்யத் தண்ணீரை நாடாமல் அதையே நாடுகிறார்கள். பூச்சும் ஒளி ஊடுருவாத சுண்ணாம்புப் பரப்பாகிவிடுகிறது. ஆகவே எல்லாப் பெட்டிகளிலிருந்தும் வெள்ளையை எடுத்துவிட்டு, காலியான குழிகளில் குழாயிலிருந்து மஜென்டாவைப் பிழிந்து உலர வைத்திருக்கிறேன்.