தூண்டில் லைசென்ஸ்: டெக்சாஸ், கலிபோர்னியா, நியூ ஜெர்சி, எங்கே எது லாபம்?

அப்பா சிவகங்கைப் பக்கத்துக்காரர். ஹூஸ்டன் வந்த மூன்றாம் நாள் ஒரு பூங்கா ஏரியோரம் நடக்கும்போது தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தவர், "இதை யாருப்பா குத்தகைக்கு எடுத்திருக்கா?" என்றார். கண்மாய் என்றால் மீன்பாசியை ஏலம் எடுத்த ஒருவர் இருப்பார், அவர் கண்ணில் படாமல்தான் தூண்டில் போடவேண்டும் என்பது அவர் சின்ன வயதில் படித்த சட்டம். இங்கே குத்தகைதாரர் மாநில அரசு, துட்டைக் கட்டிவிட்டு யார் கண்ணில் பட்டும் உட்காரலாம் என்று சொன்னேன்.

"எவ்வளவு?" என்றார். அதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

ப்ராஜெக்ட் இழுத்த இடமெல்லாம் போனதில் நியூ ஜெர்சி, கலிபோர்னியா, டெக்சாஸ் என்று மூன்று மாநிலத்திலும் லைசென்ஸ் எடுத்திருக்கிறேன். வாரக் கடைசியில் மடக்கு நாற்காலியும் ஒரு டப்பா மண்புழுவுமாகக் கிளம்பும் ஆளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். படகு வைத்திருப்பவர்களின் கணக்கு வேறு.

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் அதைத்தான் தேடுவார்கள். நியூ ஜெர்சிவாசிக்கு நன்னீர் லைசென்ஸ் 22 டாலர் 50 சென்ட். ட்ரவுட் மீன் பிடிக்க வேண்டுமானால் அதற்கு மேல் 10.50-க்கு ஒரு ஸ்டாம்ப். டெக்சாஸ்வாசிக்கு நன்னீர் மட்டும் 30, கடல் மட்டும் 35, இரண்டும் சேர்த்து 40. கலிபோர்னியாவில் 2025-ல் 62 டாலர் 90 சென்ட். விலைவாசியைப் பொறுத்து வருஷா வருஷம் மாறும். இதைப் பார்த்து கலிபோர்னியாதான் மோசம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். டெக்சாஸுக்கு வந்த முதல் வருஷமே புத்தி வந்தது.

ஜூலை 12-ஆம் தேதி. ஒரு கடை கவுன்ட்டரில் 40 டாலர் கொடுத்து, நன்னீரும் கடலும் சேர்ந்த லைசென்ஸை வாங்கினேன். ரசீது மாதிரி நீளமாக ஒரு தாள் வந்தது. நாலாக மடித்துப் பர்ஸில் வைத்தேன், அதோடு சரி. செப்டம்பர் முதல் வாரம் நண்பரோடு கால்வெஸ்டன் கடற்கரைக்குப் போனேன். நம் கடற்கரையில் தூண்டில் வளைவு என்பார்களே, அதுபோலக் கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருப்பார்கள். அதில் ஏறும் முன் நண்பர் தாளைக் காட்டச் சொன்னார். விரித்தால், அடியில் பொடி எழுத்தில் ஆகஸ்ட் 31. நாற்பது டாலருக்கு ஐம்பத்தொரு நாள். தேதியைப் படிக்காதது என் தப்பு, கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. அன்றைக்கு முழுக்க நண்பரின் தூண்டிலுக்குப் புழு கோத்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டெக்சாஸின் லைசென்ஸ் வருஷம் செப்டம்பர் 1-ல் பிறந்து ஆகஸ்ட் 31-ல் முடிகிறது. நீங்கள் எந்த மாதம் வாங்கினாலும் அன்றைக்குத்தான் உயிர் போகும். புது வருஷத்து லைசென்ஸ் ஆகஸ்ட் 15-லிருந்தே விற்பனைக்கு வந்துவிடும். இதற்கு மாற்றாக 47 டாலருக்கு இன்னொன்று இருக்கிறது, கேட்டால்தான் தருவார்கள். வாங்கிய நாளிலிருந்து அடுத்த வருஷம் அதே மாதக் கடைசி வரை செல்லும். "மாதக் கடைசி வரை" என்பதைக் கவனியுங்கள். மார்ச் 2-ல் வாங்கினால் அடுத்த மார்ச் 31 வரை, அதாவது ஏறக்குறைய பதின்மூன்று மாதம். மார்ச் 30-ல் வாங்கினால் அந்த ஒரு மாதம் போச்சு. அதனால் இதை வாங்குவதானால் மாதம் பிறந்ததும் வாங்குங்கள்.

நாற்பதா, நாற்பத்தேழா? செப்டம்பரில் எடுத்தால் 40 லாபம். அக்டோபர் முதல் தேதியில் கணக்குப் போட்டால் இரண்டும் மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று டாலர் அறுபது சென்ட், சமம். நவம்பர் ஆகிவிட்டால் யோசிக்கவே வேண்டாம், 47. ஏரியைத் தவிர வேறெங்கும் போகாதவர்களுக்கு ஒரு சின்ன இடைஞ்சல் உண்டு. இந்த வாங்கிய-நாள் கணக்கு, இரண்டு தண்ணீரும் சேர்ந்த லைசென்ஸுக்கு மட்டும்தான். 30 டாலர் நன்னீர் லைசென்ஸ் எப்போதும் ஆகஸ்டோடு சரி.

கலிபோர்னியாவில் 2022 வரை இதைவிட மோசம். எப்போது வாங்கினாலும் டிசம்பர் 31-ல் காலி. அக்டோபரில் ஆசைப்பட்டு வாங்குகிறவர் முழு வருஷத்துக் காசைக் கொடுத்து மூன்று மாதம் அனுபவிப்பார். 2021-ல் ஏபி 817 என்ற சட்டம் வந்தது. அதன்படி 2023-லிருந்து வாங்கிய நாள் முதல் 365 நாள். போனில் காட்டினால் போதும், தானாகப் புதுப்பிக்கும் வசதியும் உண்டு. தேதி விஷயத்தில் இப்போது மூன்றிலும் நல்லது கலிபோர்னியாதான், தயங்காமல் சொல்வேன். நியூ ஜெர்சி இன்னும் காலண்டர் வருஷம்தான். ஆனால் விலை 22.50 என்பதால் பாதியில் வாங்கினாலும் வயிறு எரியாது.

புதுப்பிக்கச் சொல்லி மாநிலங்கள் ஏன் இப்படி நம் பின்னால் வருகின்றன? 1950-ல் வந்த டிங்கல்-ஜான்சன் சட்டப்படி, தூண்டில் கம்பு, சுருள், முள் எல்லாவற்றின் விலையிலும் மத்திய அரசு ஒரு வரி வசூலிக்கிறது. பெரும்பாலான சாமான்களுக்கு 10 சதவீதம். அதை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது 40 சதவீதம் நிலம், நீர்ப்பரப்பின் அளவைப் பார்த்து. மீதி 60 சதவீதம், காசு கொடுத்து லைசென்ஸ் வாங்கியவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து. நீங்கள் ஒரு வருஷம் புதுப்பிக்காமல் விட்டால் மாநிலத்துக்கு உங்கள் 40 டாலரும் போகிறது, உங்கள் தலைக்கு வரவேண்டிய மத்தியப் பங்கும் போகிறது. நினைவூட்டும் மின்னஞ்சல் மூன்று முறை வந்தால் எரிச்சல்படாதீர்கள்.

சரி, லைசென்ஸே வேண்டாத தண்ணீருக்கு வருவோம். இந்த மூன்று மாநிலமும் உண்மையிலேயே வேறுபடுவது இங்கேதான். புதிதாகத் தூண்டில் பிடிக்கிறவர்கள் பலர் இதைத் தெரிந்துகொள்ளாமலேயே காசு கட்டுகிறார்கள்.

நியூ ஜெர்சியில் கடலுக்கு லைசென்ஸ் கிடையாது. சாண்டி ஹூக் கடற்கரையில் நின்று ஸ்ட்ரைப்டு பாஸ் மீனுக்குத் தூண்டில் போட ஒரு காசு வேண்டாம். இணையத்தில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும், அதுவும் இலவசம். அந்த மாநிலத்து எடிசனில் இருந்தபோது இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வருஷம் ஆனது.

கலிபோர்னியாவில் கடலுக்கும் லைசென்ஸ் உண்டு. ஆனால் கடலில் நீட்டியிருக்கும் பொதுப் பாலங்களில் நின்று பிடித்தால் வேண்டாம். சான்டா மோனிகா, ரெடோண்டோ பீச் பாலங்களில் காலையிலேயே வாளியும் கையுமாக நிற்கும் தாத்தாக்களில் பாதிப் பேர் லைசென்ஸ் எடுத்ததே இல்லை என்று பந்தயம் கட்டுவேன். ஆளுக்கு இரண்டு தூண்டில்தான். எத்தனை மீன், எத்தனை அங்குலம் என்ற கட்டுப்பாடுகள் அங்கேயும் உண்டு. பாலத்திலிருந்து இறங்கி மணலில் நின்று வீசினால் அந்த நிமிஷமே லைசென்ஸ் வேண்டும். ஏரிக்குள் நீட்டியிருக்கும் பாலத்துக்கும் இந்தச் சலுகை கிடையாது.

டெக்சாஸில் கடல் பாலத்துக்கும் லைசென்ஸ் வேண்டும். ஆனால் மாநிலப் பூங்காவின் எல்லைக்குள் கரையிலோ பாலத்திலோ நின்று பிடித்தால் வேண்டாம். ஊர்ப்பூங்கா, கவுன்டி பூங்கா இதில் சேராது. அப்பா பார்த்த ஏரிக்கு லைசென்ஸ் வேண்டும் என்பது இதனால்தான். கால்வெஸ்டன் தீவில் இருக்கும் மாநிலப் பூங்காவில் கடல் மீனையே இப்படிப் பிடிக்கலாம். தூண்டில் இல்லாதவர்களுக்குப் பல பூங்காக்களில் கம்பும் சாமான் பெட்டியும் இரவலாகவே தருகிறார்கள். வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை மட்டும் போகிற ஆள் டெக்சாஸில் லைசென்ஸ் வாங்கவே தேவையில்லை என்பது என் கட்சி. நுழைவுக் கட்டணம் கொடுத்தால் தூண்டிலோடு கழிப்பறையும் நிழலும் சேர்ந்து கிடைக்கிறது. சனி, ஞாயிறில் கூட்டம் நிறைந்து வாசலை மூடிவிடுவார்கள், முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

விலைப்பட்டியலில் முதலில் தெரியாத செலவு கலிபோர்னியாவில்தான் அதிகம். இரண்டாவது தூண்டிலுக்கு கிட்டத்தட்ட 20 டாலர். பாயின்ட் ஆர்கெல்லோ என்ற கடல்முனைக்குத் தெற்கே கடலில் பிடிக்க இன்னொரு கட்டணம். ஸ்டர்ஜன், ஸ்டீல்ஹெட் மீன்களுக்கும் சிங்கி இறாலுக்கும் தனித்தனி அட்டை. பிடித்ததை அதில் எழுதிக் கணக்குக் கொடுக்கவேண்டும். இத்தனையும் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு 2023, 2024 இரண்டு வருஷமும் கடலில் சால்மன் பிடிக்கவே தடை. டெக்சாஸில் இந்தத் தொல்லை குறைவு. கடல் லைசென்ஸோடு ரெட் டிரம் மீனுக்கான டேக், அதாவது மீனில் கட்டும் சீட்டு, சேர்ந்தே வரும். 20-லிருந்து 28 அங்குலம் வரை உள்ள ரெட் டிரம்மைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். 28-ஐத் தாண்டியது மாட்டினால் அந்த டேக்கைக் கட்டினால்தான் வீட்டுக்குக் கொண்டுவரலாம். என் டேக் இதுவரை ஒவ்வொரு வருஷமும் கன்னி கழியாமலேயே காலாவதி ஆகியிருக்கிறது.

அடுத்தது, ஊரிலிருந்து வரும் அப்பா அம்மா. இங்கே வயதுச் சலுகையை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. டெக்சாஸில் 65 ஆனவருக்கு இரண்டு தண்ணீரும் சேர்த்து 22 டாலர்தான், நியூ ஜெர்சியில் 70 ஆகிவிட்டால் இலவசம். ஆனால் இரண்டும் மாநிலவாசிகளுக்கு. தொடர்ந்து ஆறு மாதமாவது குடியிருந்திருக்க வேண்டும். விசிட்டர் விசாவில் வந்தவருக்கு வெளியாள் கட்டணம்தான். கலிபோர்னியாவில் உள்ளூர்ப் பெரியவருக்கே, வருமானம் குறைந்து அரசு உதவித்தொகை வாங்கினால்தான் குறைவு.

டெக்சாஸில் வெளியாளுக்கு ஒரு நாள் லைசென்ஸ் 16 டாலர், வருஷத்துக்கு நன்னீர் 58, எல்லாமும் சேர்த்து 68. நான்கு நாளாவது ஏரிக்குப் போவார் என்றால் வருஷ லைசென்ஸ். ஆனால் ஆகஸ்ட் 31 இவர்களுக்கும் பொருந்தும். ஜூலையில் வருகிற அப்பாவுக்கு ஒரு நாள் லைசென்ஸ்களே போதும். விண்ணப்பத்தில் சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்பார்கள். மீன் பிடிக்க அது எதற்கு என்று நானும் குழம்பியிருக்கிறேன். குழந்தைப் பராமரிப்புத் தொகை கட்டாமல் நழுவுகிறவர்களைப் பிடிக்க 1996-ல் வந்த மத்திய சட்டம்தான் காரணம். அந்த எண் இல்லாத பெற்றோரை பாஸ்போர்ட்டோடு நேராகக் கடைக்கே கூட்டிப்போவது நல்லது. இணையத்தில் வாங்கினால் டெக்சாஸில் 5 டாலர் கூடுதல் என்பது இன்னொரு காரணம். உள்ளூர்க்காரரின் 11 டாலர் ஒரு நாள் லைசென்ஸ் அப்படித்தான் 16 ஆகிறது.

லைசென்ஸ் இல்லாமல் மாட்டினால்? டெக்சாஸில் அபராதம் 25-லிருந்து 500 டாலர் வரை. அதைக் குற்றம் என்றே பதிவும் செய்வார்கள். விசாவில் இருப்பவர்கள் அந்த ஒரு வார்த்தைக்காகவே 40 டாலரைக் கட்டிவிடுவார்கள்.

அப்பாவுக்கு நான் எதையும் வாங்கவில்லை. ஆளுக்கு 7 டாலர் கொடுத்து பிராசஸ் பெண்ட் மாநிலப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். தக்கை மிதந்துகொண்டிருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி இன்னொரு தக்கை மாதிரி இரண்டு மேடு தெரிந்தது. முதலையின் கண்கள். முப்பது அடி தள்ளி இருக்கச் சொல்லி அங்கே பலகையே வைத்திருக்கிறார்கள். அப்பா அசரவில்லை. "அதுக்கு மட்டும் லைசென்ஸ் வேணாமோ?" என்றார். மதியத்துக்குள் இரண்டு கெளுத்தி. சிறியதை அவரே விட்டுவிட்டார்.

திரும்பும் வழியில், ஜூன் முதல் சனிக்கிழமை டெக்சாஸ் முழுக்க யாருக்கும் லைசென்ஸ் வேண்டாம், கலிபோர்னியாவிலும் இப்படி வருஷத்தில் இரண்டு நாள் உண்டு என்று சொல்லிக்கொண்டு வந்தேன். "நம்மூரு மீன்பிடித் திருவிழா கணக்கா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "முன்னாலேயே சொல்லியிருந்தா ஊத்தாவைக் கொண்டாந்திருப்பேனே."

ஊத்தாக் கூடை போட்டு மீன் பிடிக்க இங்கே அனுமதி இல்லை என்பதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.