தேரி மண்ணின் சிவப்புக்கு லைட்ரூம் கலர் மிக்ஸர்

ஒரு நிறத்தை மட்டும் விட்டுவைத்து, படத்தின் மற்ற பகுதியைக் கறுப்பு வெள்ளையாக்க நான் நம்புவது லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளின் கலர் மிக்ஸரைத்தான். தூத்துக்குடி மாவட்டத் தேரிக்காட்டுப் படங்களில் இதன் அருமை தெரியும். இரும்பு ஆக்சைடால் சிவந்த மணல், அதில் நிற்கும் பனைகள், மேலே வானம்.

மொத்தம் 8 நிறங்கள். ஒவ்வொன்றின் செறிவையும் தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். நீலத்தை -100க்கு, அதாவது கடைசிவரை, இழுத்தால் வானம் சாம்பலாகிவிடும். பனையோலை அவ்வளவு எளிதில் மசியாது. பச்சையை முழுக்க எடுத்த பிறகும் நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும், ஏனென்றால் இலையில் மஞ்சள் நிறையவே கலந்திருக்கிறது. அதையும் இறக்க வேண்டும். ஆரஞ்சில் மட்டும் கை வைக்காதீர்கள். தேரி மணல் சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் இருப்பதால், வெயில் பட்ட மேடுகள் திட்டுத்திட்டாக வெளுத்துவிடும்.

லைட்ரூமில் 2023இல் வந்த பாயிண்ட் கலர் என்ற கருவி இன்னும் நுட்பமானது. மணலைத் தொட்டுக் காட்டி, அந்த நிறத்தின் எல்லையை நாமே வகுக்கலாம். கேமரா பதிந்த தகவல் சுருக்கப்படாமல் இருக்கும் ரா (RAW) கோப்பாக எடுத்திருந்தால் விளைவு இன்னும் சுத்தம்.

எல்லா நிலக்காட்சிக்கும் இந்த உத்தி பொருந்தாது. நெல்வயலில் செய்தால் படமே செத்துவிடும். தேரியில் செய்யுங்கள், சிவப்பை மட்டும் கூட்டாதீர்கள், அந்த மண்ணுக்கு அது தேவையே இல்லை.