இ-மினி எஸ் அண்டு பி 500 ஃபியூச்சர்ஸ்: விலை வரம்பை மட்டும் வைத்து ஒரு விமர்சனம்

அமெரிக்காவின் பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடான எஸ் அண்டு பி 500 ஏறுமா இறங்குமா என்பதன் மேல், சிஎம்இ என்ற சிகாகோ சந்தையில் வாங்கி விற்கும் காண்ட்ராக்ட் இது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் லிக்விடிட்டி (எளிதாக வாங்கி விற்க முடிவது), கமிஷன், மார்ஜின் (தரகரிடம் வைக்க வேண்டிய முன்பணம்) என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதிலெல்லாம் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு முக்கியம், சந்தை தலைகுப்புற விழும் நாளில் இது எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான், ஏனென்றால் கணக்கிலிருக்கும் பணம் மொத்தமாகப் போவது அப்படிப்பட்ட ஒரே நாளில்தான். அதனால் டிரேடிங் ஹால்ட் (வர்த்தகத்தை நிறுத்திவைப்பது), விலை வரம்பு (விலை தாண்ட முடியாத எல்லை) இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பகல் நேரம், அதாவது நியூயார்க்கில் பங்குச் சந்தை திறந்திருக்கும் காலை 9:30 முதல் மாலை 4 வரை. 7, 13, 20 சதவீதம் என்று மூன்று வரம்புகள், மூன்றுமே கீழ்ப்பக்கம் மட்டும். ஏறுவதற்குப் பகலில் வரம்பு கிடையாது. முந்தைய நாள் அடிப்படை விலை 5,000 என்றால் முதல் வரம்பு 4,650, அடுத்தது 4,350, கடைசி 4,000. பலர் தப்பாகப் புரிந்துகொள்வது இங்கேதான்: ஃபியூச்சர்ஸ் 4,650-ஐத் தொட்டதும் வர்த்தகம் நின்றுவிடாது, அதற்குக் கீழே விற்க முடியாது, அவ்வளவுதான். எஸ் அண்டு பி 500 குறியீடே 7 சதவீதம் விழுந்து, பங்குச் சந்தைகள் 15 நிமிட ஹால்ட் அறிவித்தால்தான் ஃபியூச்சர்ஸும் கூடவே நிற்கும். திரும்பத் திறக்கும்போது வரம்பு 13 சதவீதத்துக்கு இறங்கும். குறியீடு அதையும் தொட்டால் இன்னொரு 15 நிமிடம். 20 தொட்டால் அன்றைக்குக் கடையை மூட வேண்டியதுதான். மாலை 3:25-க்கு மேல் முதல் இரண்டு நிலைகளுக்கு ஹால்ட் கிடையாது, 20 மட்டும்தான்.

இரண்டு சந்தையும் சேர்ந்து நிற்கிற இந்த ஏற்பாட்டுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். 1987 அக்டோபர் 19 அன்று டௌ ஜோன்ஸ் 22.6 சதவீதம் விழுந்தபோது எஸ் அண்டு பி ஃபியூச்சர்ஸ் அதைவிட அதிகமாக, சுமார் 29 சதவீதம் விழுந்தது. ஃபியூச்சர்ஸ் ஒரு பக்கம், பங்குகள் ஒரு பக்கம் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் ஓட, ஒன்றில் வந்த விற்பனை இன்னொன்றை இழுத்துக்கொண்டு போனது. அதை ஆராய்ந்த பிரேடி குழு 1988-இல் எல்லாச் சந்தைகளுக்கும் ஒருங்கிணைந்த சர்க்யூட் பிரேக்கர் (சரிவில் வர்த்தகத்தைத் தானாக நிறுத்தும் விதி) வேண்டும் என்று சொன்னது. இப்போதிருக்கும் 7-13-20 கணக்கு 2013-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு உண்மையான சோதனை 2020 மார்ச். அந்த மாதம் 9, 12, 16, 18 ஆகிய நான்கு நாட்களில் 7 சதவீத ஹால்ட் வந்தது, ஒரு நாள்கூட 13-ஐத் தொடவில்லை. 16-ஆம் தேதி குறியீடு கிட்டத்தட்ட 12 சதவீதம் சரிந்து முடிந்ததே என்று கேட்கலாம், நியாயம்தான். ஹால்ட் சரிவைத் தடுக்காது. கூடுதல் மார்ஜின் கேட்கிற தரகர், பணம் ஏற்பாடு செய்கிற வாடிக்கையாளர், விலை சொல்ல வேண்டிய மார்க்கெட் மேக்கர் என்று எல்லோரும் கணக்குப் பார்க்க 15 நிமிடம் கொடுக்கிறது. என்னைப் பொறுத்தவரை அதுவே பெரிய விஷயம்.

இதைவிட எனக்குப் பிடித்தது, அதிகம் பேர் பேசாத ஒரு சின்ன வசதி. 2010 மே 6, ஃபிளாஷ் கிராஷ், அதாவது சில நிமிடங்களில் சந்தை சரிந்து மீண்ட நாள். ஒரு பெரிய விற்பனையாளர் 75,000 இ-மினி காண்ட்ராக்டுகளை, ஏறக்குறைய 410 கோடி டாலர் மதிப்புக்கு, தானியங்கி முறையில் தள்ளிக்கொண்டிருந்தார். வாங்க ஆளில்லை. பிற்பகல் 2:45:28-க்கு சிஎம்இயின் ஸ்டாப் லாஜிக் என்ற தானியங்கி ஏற்பாடு வர்த்தகத்தை நிறுத்தியது, வெறும் 5 விநாடி. அந்த 5 விநாடியில் விற்பனை அழுத்தம் குறைந்தது, வாங்குகிறவர்கள் திரும்பி வந்தார்கள், விலை நிலைப்பட்டு ஏற ஆரம்பித்தது. அன்றைக்குப் பெரிய சர்க்யூட் பிரேக்கர் எதுவும் அடிக்கவேயில்லை. எத்தனை சதவீதத்தில் நிறுத்துவது என்று எல்லோரும் சண்டை போடுகிறார்கள், எந்த இடத்தில் ஸ்டாப் ஆர்டர்கள் (குறித்த விலை வந்ததும் தானாக விற்கும் ஆர்டர்கள்) ஒன்றையொன்று சரித்துக்கொண்டே போகின்றன என்று கண்டுபிடித்து நிறுத்துவதுதான் உண்மையில் கெட்டிக்காரத்தனம்.

சரி, இப்போது இரவு. குறை இங்கேதான்.

மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 9:30 வரை இரண்டு பக்கமும் 7 சதவீத வரம்பு. 2020 வரை இது 5 சதவீதமாக இருந்தது. இந்த வரம்பில் ஹால்ட் என்று ஒன்றும் இல்லை, விலை அந்த எண்ணில் சுவரில் மோதின மாதிரி நின்றுவிடும். லிமிட் டவுனில், அதாவது விலை கீழ் வரம்பில் பூட்டியிருக்கும்போது, ஆர்டர் திரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வாங்கும் பக்கம் வெறுமையாக இருக்கும், விற்கும் பக்கம் ஒரே விலையில் காண்ட்ராக்டுகள் குவிந்துகொண்டே போகும், கடைசி விலை அசையாது. நீங்கள் லாங்கில் (விலை ஏறும் என்று வாங்கி வைத்து) இருந்தால், உங்கள் ஸ்டாப் லாஸ் வரம்புக்குக் கீழே இருந்தால் அது தூண்டப்படவே படாது. வரம்பிலேயே இருந்தாலும் வரிசையில் உங்களுக்கு முன்னால் எத்தனையோ பேர்.

2016 அமெரிக்கத் தேர்தல் இரவில் இ-மினி கீழே 5 சதவீத வரம்பைத் தொட்டது. மறுநாள் எஸ் அண்டு பி ஒரு சதவீதத்துக்கு மேல் ஏறி முடிந்தது. அன்று வரம்பு, ஆளில்லாத நள்ளிரவில் விலை அர்த்தமில்லாமல் பாதாளத்துக்குப் போவதைத் தடுத்தது என்று தாராளமாகச் சொல்லலாம். 2020 மார்ச் 8, ஞாயிறு இரவு அதே 5 சதவீதம், மணிக்கணக்கில் பூட்டு. ஆனால் காலையில் சந்தை திறந்து 4 நிமிடத்தில் குறியீடு 7 சதவீதம் விழுந்து ஹால்ட். அன்று வரம்பு எதையும் தடுக்கவில்லை, விலையை மறைத்துத்தான் வைத்தது. உண்மை விலை தெரிய வேண்டுமென்றால் அதே குறியீட்டைப் பின்தொடர்ந்து பங்கு மாதிரி விடியற்காலையிலேயே வர்த்தகமாகும் எஸ்பிஒய் இடிஎஃப் என்ற ஃபண்டைத்தான் பார்க்க வேண்டியிருந்தது, அதற்கு இந்தப் பூட்டு இல்லை. ஷார்ட்டில் (விலை இறங்கும் என்று விற்று வைத்து) இருப்பவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. அதே மார்ச் 24 காலையில் லிமிட் அப் (மேல் வரம்பில் பூட்டு), குறியீடு 9.4 சதவீதம் ஏறி முடிந்தது. 5-ஐ 7 ஆக்கியது நல்ல மாற்றம், இரவு வரம்பும் பகலின் முதல் வரம்பும் இப்போது ஒத்துப்போகின்றன. ஆனாலும் பூட்டு பூட்டுதான்.

புதிதாக வருகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 5,000 விலையில் 7 சதவீதம் என்றால் 350 புள்ளி. இ-மினியில் புள்ளிக்கு 50 டாலர் வீதம் ஒரு காண்ட்ராக்டுக்கு 17,500 டாலர், அதில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மைக்ரோ காண்ட்ராக்டில் 1,750. இதை எங்கேயோ விளம்பரத்தில் பார்த்த 500 டாலர் பகல் மார்ஜினுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரம்பு உங்கள் நஷ்டத்துக்கு எல்லை இல்லை, ஒரு கட்டத்துக்கான எல்லை மட்டுமே. கணக்கு மைனஸில் போனால் அந்தப் பணத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

நான் பயன்படுத்தும் தரகர் தளத்தின் மேல் எனக்கு உண்மையான கோபம் உண்டு. அன்றைய வரம்பு எண்களை சிஎம்இ தினமும் வெளியிடுகிறது, ஆனால் இந்தத் தளத்தின் ஆர்டர் திரையில் அது எங்கேயும் இல்லை. வரம்புக்கு வெளியே ஆர்டர் போட்டால் நிராகரிக்கப்பட்டது என்று ஒற்றை வரி, காரணம் கிடையாது. வண்ண வண்ணமாக முப்பது இண்டிகேட்டர் கொடுக்கிறவர்களுக்கு சார்ட்டில் மூன்று கோடு போடுவது கஷ்டமா?

பகலில் மட்டும் வர்த்தகம் செய்து நிலையை மூடிவிட்டுப் போகிறவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இரவு முழுக்க நிலையை வைத்திருப்பவர்கள் மைக்ரோவில் இருங்கள், முழு 7 சதவீத நகர்வைத் தாங்கும் பணம் கணக்கில் இருக்கட்டும், அப்புறம் ஸ்டாப் லாஸை மட்டும் நம்பாமல் விலை விழுந்தாலும் குறித்த விலைக்கு விற்கும் உரிமை தரும் ஒரு புட் ஆப்ஷனையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.